கோழிகளோடு வளர எந்த நாய் பொருந்தும்? உச்சிப்புளிக் கடலோரத்திலிருந்து ஒரு கேள்வி

வடகடல் வீடு (உச்சிப்புளி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கு வடக்கே, கடலுக்கு நடந்தே போய்விடும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டைச் சுற்றி 60 சென்ட் மணல் நிலமும் 14 தென்னைகளும் உள்ளன. மேற்கு எல்லையில் பனை வரிசை, அதற்கப்பால் பல ஆண்டுகளாக யாரும் வெட்டாமல் விட்ட சீமைக்கருவேலங்காடு. ஆடி பிறந்தபோது எங்களிடம் 26 சிறுவிடைக் கோழிகள் இருந்தன. புரட்டாசி வருவதற்குள் 11 போய்விட்டன. மூன்று கோழிகள் ஒரே இரவில் கூட்டுக்குள்ளேயே கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. இரண்டு குஞ்சுகளைப் பருந்து தூக்கியதை என் மகனே பார்த்தான். மற்றவை பகலில் மேயப் போனவை. இறகு மட்டும் கருவேல் ஓரத்தில் கிடைத்தது.

என் கணவர் மாலையில் கடலுக்குப் போனால் விடியும்போதுதான் கரைக்கு வருவார். இரவில் நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான். கோழிகள் கத்தும் ஓசை கேட்டு விளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சென்ற தை மாதம் வரை மாமியார் வளர்த்த ஒரு கிழட்டு நாட்டு நாய் இருந்தது. அதன் முதுகின் மேலேயே கோழிகள் ஏறி நிற்கும். அது இருந்தவரை இந்தத் தொல்லையே இருந்ததில்லை என்பதை அது செத்த பிறகுதான் உணர்ந்தோம்.

இப்போது ஒரு குட்டி வாங்க நினைக்கிறோம். என் அண்ணன் இராஜபாளையம் நாயின் வெள்ளைக் குட்டி ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கணவரின் கூட்டாளி சிப்பிப்பாறைக் குட்டி தருகிறேன் என்கிறார். மகனுக்கு லேப்ரடார்தான் வேண்டுமாம். வெளிநாட்டில் ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். காவலுக்கு வாங்கிய நாயே கோழியைப் பிடித்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு மிகவும் இருக்கிறது. கோழிகளுக்கு நடுவே நாயையும் வைத்து வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


கரிசல்மண் (சாயல்குடி) எழுதியது:

சகோதரி, சிப்பிப்பாறை நாயை ஒன்பது ஆண்டுகள் வளர்த்தவன் என்ற முறையில், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அதைப் போல அறிவும் தூய்மையும் பாசமும் உள்ள நாயை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

காரணம் அதன் பிறவியில் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் முயலை விரட்டிப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அவை மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி வேட்டையாடும். ஒன்று அசையாமல் இருக்கும்வரை அவற்றின் மனதில் அது பொருட்டே அல்ல. அது ஓடத் தொடங்கிய நொடியில் கால்கள் தாமாகவே எழுந்துவிடும். என் நாய் குட்டியாக வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் எங்கள் கோழிகளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவற்றின் தண்ணீர்ச் சட்டியிலேயே தண்ணீர் குடிக்கும். ஒரு நாள் நண்பகலில் ஒரு விடலைக் கோழி வேலியின் மேலிருந்து படபடவென்று இறக்கையடித்துக்கொண்டு அதன் முன்னால் இறங்கி ஓடியது. நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறந்து கூப்பிடுவதற்குள் கோழி அதன் வாயில் இருந்தது. கடித்துத் தின்னவில்லை, கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றது. அதை நான் எப்படி அடிப்பேன்? அன்றிலிருந்து அதன் ஆயுள் முடியும்வரை, கோழிகள் வெளியே இருக்கும் நேரத்தில் நாய் கட்டப்பட்டிருந்தது, நாய் வெளியே இருக்கும் நேரத்தில் கோழிகள் கூட்டில் இருந்தன. ஓடுவதற்கென்றே பிறந்த உயிரைப் பகலெல்லாம் கட்டிப்போட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இராஜபாளையம் நாய் சிப்பிப்பாறையைவிட உடல் பெருத்தது, வீட்டைக் காப்பதில் கடுமையானது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் அதுவும் ஒன்று என்ற பெருமை நமக்கெல்லாம் உண்டு. ஆனால் அதுவும் வேட்டைக்கு வந்த நாய்தான். இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லிவையுங்கள்: முழு வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. குட்டி அறியாதபடி அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இரவுக் காவலுக்கு வாங்கும் நாய்க்குச் செவி இல்லாவிட்டால் என்ன பயன்?

கோம்பை நாயைச் சிலர் பரிந்துரைப்பார்கள். காவலுக்கு அதற்கு இணை குறைவு என்பது உண்மை. ஆனால் பன்றியை எதிர்த்து நின்ற இனம் அது; சிறு பிள்ளைகளும் வந்துபோகும் உறவினர்களும் உள்ள வீட்டில், நாய் பழகிய ஆண் ஒருவர் எப்போதும் உடன் இருந்தால் ஒழிய நான் அதைச் சொல்ல மாட்டேன்.


ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் (இராமநாதபுரம்) எழுதியது:

மேலே எழுதியவரின் அனுபவம் நூற்றுக்கு நூறு சரியானது. அதன் காரணத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எந்த நாயிடமும் வேட்டை என்பது ஒரே செயலாக இருப்பதில்லை. கண்டு நிற்பது, பதுங்குவது, விரட்டுவது, கவ்வுவது, கொல்வது என்று அது தொடராக வருகிறது. மனிதர்கள் ஒவ்வோர் இனத்திலும் இந்தத் தொடரின் சில பகுதிகளை வளர்த்தும் சிலவற்றைத் தணித்தும் விட்டார்கள். முயல் வேட்டை நாய்களில் விரட்டலும் கவ்வலும் மிகுந்திருக்கின்றன. லேப்ரடாரில் கவ்விக் கொண்டுவருவது மிகுந்திருக்கிறது; கொல்லும் எண்ணமின்றி வாயில் தூக்கிக்கொண்டு திரிந்தாலும் சிறுவிடைக் கோழி அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். மந்தைக் காவல் இனங்களில்தான் இந்தத் தொடர் முழுவதுமே தணிந்திருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்ட பெரிய வெள்ளை நாய்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலியாவில் வார்ணம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவில், நரிகளால் அழிந்துகொண்டிருந்த குட்டிப் பென்குவின்களைக் காப்பதற்கு 2006இல் மாரெம்மா என்ற இத்தாலிய நாய்களைக் கொண்டுவந்தார்கள். அந்த யோசனையைத் தந்தவர், தம் கோழிகளை அதே இன நாய்களைக் கொண்டு காத்துவந்த ஒரு பண்ணையாளர். அந்த நாய்கள் நரியைத் தேடிப் போய்க் கொன்றதில்லை. அவை அங்கே தங்கியிருப்பதும், அவற்றின் வாடையும் குரைப்பும் நரியை விலக்கிவைத்தன. ஆனால் அவற்றின் அடர்ந்த இரட்டை மயிர்ப் போர்வை மலைக்குளிருக்கானது. நாய் தன் உடல் சூட்டை நாக்கை நீட்டி மூச்சு வாங்கி இளைத்துத்தான் தணிக்கிறது. நம் கடலோரத்தில் சித்திரை, வைகாசியில் காற்றே ஈரமாக இருக்கும்போது இளைப்பினால் சூடு இறங்குவதில்லை. அத்தகைய நாயை இங்கே வைத்திருப்பதை நான் மருத்துவனாக ஏற்க மாட்டேன். லேப்ரடாருக்கும், ஓரளவு ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

அந்த நாய்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வளர்ப்பு முறையை. குட்டி பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை தன்னைச் சுற்றி அன்றாடம் பார்க்கும் உயிர்களையெல்லாம் தன் கூட்டம் என்று மனதில் பதித்துக்கொள்ளும். கோழிகளுக்கு நடுவே அந்தக் காலத்தைக் கழித்த குட்டிக்கு, கோழி என்பது வீட்டு ஆள். அந்தக் காலம் கடந்த பிறகு எவ்வளவு நல்ல இனக் குட்டியைக் கொண்டுவந்தாலும், கோழியைத் தொடாதே என்று அதற்குக் கற்றுக்கொடுக்கலாமே தவிர, கோழியைத் தன்னுடையது என்று அதை நினைக்க வைப்பது கடினம். ஆகவே எந்த இனம் என்ற கேள்விக்கு முன்னால், எந்த வீட்டில் எந்தத் தாயிடம் பிறந்த குட்டி என்று கேளுங்கள். உங்கள் மாமியாரின் நாய் எப்படி அப்படி இருந்தது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அது எங்கே பிறந்தது என்பதில் விடை இருக்கக்கூடும்.

கடற்கரையில் நாய் வளர்ப்பவர்களுக்கு வேறு சில செய்திகளும் சொல்ல வேண்டும். கரைவலை இழுக்கும் இடங்களில் ஒதுக்கி எறியும் பேத்தை மீனைத் தின்றால் நாய் தள்ளாடி, மூச்சு நின்று சாகும். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. கெளுத்தியின் முள் நாயின் வாயிலும் தொண்டையிலும் குத்தி நிற்பதைப் பலமுறை எடுத்திருக்கிறேன். கடையில் வாங்கும் கோழித் தீவனம் சிலவற்றில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். கோழிக்கு நன்மையான அவை நாய்க்குக் கால்களை முடக்கும் நஞ்சு; தீவன மூட்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெள்ளைக்கழிச்சலில் இறந்த கோழியைக் குப்பையில் எறியாமல், சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதையுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும். கோழிகளைப் பற்றும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி நாயின் காதோரத்திலும் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், கூட்டைச் சுத்தம் செய்யும் நாளிலேயே நாயையும் பார்த்துவிடுங்கள்.


தோப்புக்காரி (பெரியபட்டினம்) எழுதியது:

தங்கச்சி, மருத்துவர் ஐயா சொன்னதை நான் படிக்காமலேயே கடைப்பிடித்து வந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. எங்கள் மார்க்க வழக்கப்படி வீட்டுக்குள் நாய் வராது. தோப்புக்கும் கால்நடைக்கும் காவலாக வெளியே வைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை என்பதால், 20 ஆண்டுகளாகத் தென்னந்தோப்பில் நாய் இருந்துவருகிறது. மூன்று நாய்கள் மாறிவிட்டன. மூன்றுமே கிடை நாயின் குட்டிகள்.

நம் மாவட்டத்தில் செம்மறிக் கிடை போடும் கீதாரிகளோடு, அதாவது ஆடு மேய்ப்பவர்களோடு, வரும் நாய்களைப் பார்த்திருப்பாய். ஒல்லியான உடல், குட்டை மயிர், பெரும்பாலும் செவலை அல்லது மயிலை நிறம். பார்வைக்கு எந்தச் சிறப்பும் இல்லை. ஆட்டுக்குட்டிகளை மூடி வைக்கும் கூடைக்குப் பக்கத்திலேயே அந்த நாய் ஈனும். கண் விழித்த நாளிலிருந்து குட்டியின் மூக்குக்கு ஆட்டு வாடைதான். ஆட்டையோ, கீதாரி சமையலுக்கென்று வைத்திருக்கும் கோழியையோ கடித்த நாய் கிடையில் தங்காது என்பதால், பல தலைமுறையாக அடக்கமானவை மட்டுமே எஞ்சியிருக்கின்றன. இந்தத் தேர்வைச் செய்தவர்கள் சான்றிதழ் எதுவும் வைத்திருக்கவில்லை, ஆனால் அதன் பலனை என் தோப்பில் நான் கண்ணால் பார்க்கிறேன்.

குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்காதே. கொண்டுவந்ததும் கூட்டை ஒட்டினாற்போல் தட்டி கட்டி அதற்குள் விடு. கோழிகளின் ஓசையும் வாடையும் இரவும் பகலும் அதைச் சுற்றி இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து, குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழி ஒன்றின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குட்டியை விடு. தாய்க்கோழி சிலிர்த்துக்கொண்டு வந்து மூக்கில் ஒரு கொத்துக் கொடுக்கும். அந்தக் கொத்தைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. ஆனால் கண்ணில் கொத்திவிடாமல் நீ அருகில் இருக்க வேண்டும். தினமும் முதலில் கோழிக்குத் தீனி போடு, அது முடிந்து நாய் அமைதியாக உட்கார்ந்த பிறகு அதற்குச் சோறு வை.

ஆறாம் மாதம் முதல் ஒன்றரை வயது வரை மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். அப்போது நாய் கொலை எண்ணத்தோடு விரட்டாது, விளையாட்டுக்கு விரட்டும். செத்துப்போகும் கோழிக்கு அந்த வேறுபாடு இல்லை. என் இரண்டாவது நாய் பத்தாவது மாதத்தில் ஒரு கோழியின் வால் இறகை முழுவதும் பிடுங்கிவிட்டது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிடு, அதாலேயே அடி என்றெல்லாம் சொல்வார்கள், கேட்காதே. நாய்க்கு அதில் எதுவும் விளங்குவதில்லை, உன்னைக் கண்டு அஞ்ச மட்டும் கற்றுக்கொள்ளும். விரட்டத் தொடங்கும் நொடியில் உரத்த குரலில் ஒரே சொல்லால் தடுத்து, கயிற்றில் கட்டி, சற்று நேரம் யாரும் பேசாமல் விட்டுவிட வேண்டும். அந்த ஓராண்டில் நீ வீட்டில் இல்லாத நேரத்தில் நாயும் கோழியும் ஒன்றாகத் திறந்து கிடக்கக் கூடாது.

நம் ஊர்களில் எல்லோரும் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. கறிக்குக் கோழி அறுத்ததும் தலையையும் குடலையும் இறகோடு நாய்க்கு எறிவோம். வெள்ளிக்கிழமை அதைத் தின்ன விட்டுவிட்டு, சனிக்கிழமை அதே வாடையுள்ள உயிரைத் தொடாதே என்றால் நாய் என்ன செய்யும்? நான் சூடை மீனை முள் நீக்கி வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடுகிறேன். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அதைத் தருவதில்லை. கோழிக் கழிவு தோப்பில் குழிக்குள் போய்விடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த நாயும் கூட்டுக்கு மாற்று ஆகாது. கழுத்தில் மட்டும் கடித்துப் போட்டுவிட்டுப் போனது கீரியாகத்தான் இருக்கும். இறகை மட்டும் விட்டு உடலைத் தூக்கிப் போனது நரியோ காட்டுப்பூனையோ. நாய் இருந்தால் நரி எல்லைக்குள் வராது. கீரியோ நாய் தூங்கும் நேரம் பார்த்து, மூன்று விரல் அகலச் சந்துக்குள் நுழைந்துவிடும். கூட்டின் அடியில் கல் பாவி, பக்கங்களில் அரை அங்குலக் கம்பி வலை அடித்துவிடு. உன் வீட்டுக்காரரின் பழைய மீன்வலையைப் பக்கங்களில் கட்டாதே, கீரி கடித்துவிடும், பாம்பும் சிக்கிக்கொள்ளும். அதைத் தென்னைக்குத் தென்னை உயரத்தில் விரித்துக் கட்டினால் பருந்து இறங்காது. குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் மூடு. நஞ்சு வைக்கும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடு. கீரியும் நரியும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, அதோடு அந்த நஞ்சு முதலில் உன் நாயைத்தான் கொல்லும்.


வடகடல் வீடு (உச்சிப்புளி) எழுதியது:

மூவருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மருத்துவர் ஐயா சொன்னபடி மாமியாரிடம் கேட்டேன். அவர் சிறிதும் யோசிக்காமல், திருப்புல்லாணிப் பக்கம் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடமிருந்து அரைப்படி மிளகாய் வற்றலுக்குப் பதிலாக அந்தக் குட்டியை வாங்கி வந்ததாகச் சொன்னார். 12 ஆண்டுகள் எங்கள் கண்முன் கிடந்த நாயைப் பற்றி இதுவரை நாங்கள் யாருமே கேட்டதில்லை என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அண்ணனிடமும் கணவரின் கூட்டாளியிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். மகன்தான் இரண்டு நாள் பேசவில்லை; கிடைக்கு நேரில் கூட்டிப்போய் அவனையே குட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்றதும் சரியாகிவிட்டான். கூட்டுக்குக் கம்பி வலை வாங்கியாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஆண் குட்டியா, பெண் குட்டியா? நாயை இரவில் அவிழ்த்துவிட்டால் கடற்கரைக்குப் போய்விடாதா?


ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் (இராமநாதபுரம்) எழுதியது:

இரண்டுமே காக்கும். கருத்தடை செய்யாத ஆண், பெட்டை நாய்களைத் தேடி ஊர் சுற்றும். கருத்தடை செய்யாத பெண், ஊர் நாய்களையெல்லாம் உங்கள் கோழிகளிடம் அழைத்து வரும். எதை எடுத்தாலும் உரிய வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். கடற்கரைக்குக் கட்டாயம் விடாதீர்கள். பேத்தை மீனைப் பற்றி முன்பே சொன்னேன். அது தவிர, மாசி, பங்குனி வாக்கில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குழிகளைத் தோண்டித் தின்பதில் நாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாய் தாண்டாத உயரத்துக்கு, அடியில் இடைவெளி இல்லாமல் வேலி எழுப்புங்கள். பனையோலை வேலியாக இருந்தால் உள்பக்கம் கம்பி வலை ஒன்றும் சேர்த்து அடியுங்கள்.


தோப்புக்காரி (பெரியபட்டினம்) எழுதியது:

தங்கச்சி, இப்போது கீதாரிகள் மழைக்கு முன்னால் ஆடுகளை வெளியூர் ஓட்டிப் போய்விடுவார்கள். தை அறுவடை முடிந்து வயல்களில் கிடை போடத் திரும்பி வரும்போது, எந்தக் கிடையில் தாய் நாய் ஈன்றிருக்கிறது என்று கேட்டு உனக்குச் சொல்கிறேன். போகும்போது உன் கோழிக்கூட்டில் ஒரு வாரம் போட்டு வைத்த சாக்கைக் கொண்டுபோய், குட்டிகள் படுக்கும் இடத்தில் விரித்துவிட்டு வா. இரண்டு வாரம் கழித்து அதே சாக்கோடு குட்டியைத் தூக்கி வந்தால், முதல் இரவு அது அதிகம் அழாது. எல்லாவற்றிலும் முந்தி ஓடிவரும் குட்டியையும், மூலையில் பதுங்கும் குட்டியையும் விட்டுவிட்டு, உன்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆட்டுக்குட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும் குட்டி எது என்று பார்க்கும்படி உன் மகனிடம் சொல்லி வை.